ராணி எறும்பின் சிறகு

சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற ஊரில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எறும்பின் வாழ்க்கை வட்டம் படிப்பித்தேன். கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவுகிறவளுக்கு எறும்பைப்பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். நூலகத்தில் ஜெர்மன் படப் புத்தகம் ஒன்றை எடுத்து, அகராதியோடு மல்லுக்கட்டி, நிபுணராகிவிட்டேன். எங்கள் ஆட்களிடம் நிபுணராக இவ்வளவே அதிகம்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, எறும்பு. பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். திடலில் ஒரு கல்லைப் புரட்டி, எறும்புகள் வெள்ளையாய் எதையோ தூக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டினேன். "சோறு!" என்று கத்தினார்கள். கூட்டுப்புழு என்றேன். பெரிய ஏமாற்றம்.

ஒருநாள் ராணி எறும்பைச் சொன்னேன். கலியாணத்துக்காகப் பறக்கும், இறங்கியதும் தன் சிறகைத் தானே பிய்த்தெறிந்துவிட்டு, முட்டையிட மண்ணுக்குள் போகும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி கையை உயர்த்தினாள்.

"நோகாதோ ரீச்சர்?"

"இல்லையம்மா. கழலக்கூடிய மாதிரித்தான் முளைக்குமாம்."

யோசித்தாள். "அதை நான் நடிச்சுக் காட்டுறன்."

ஆண்டுவிழா நாடகம் அப்படித்தான் பிறந்தது. ராணி அவள்தான் என்றும் முடிவாயிற்று. மற்றப் பெற்றோர் சும்மா இருப்பார்களா? ஒரு தகப்பன் ரெலிபோனில் வந்தார்.

"என்ர பெடியன் புழுவோ ரீச்சர்? அவனைப் பெரிய படிப்புக்கு ஜிம்னாசியப் பள்ளிக்கூடத்துக்கு விடப்போறம்."

பெடியனுக்கு இப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது.

"அப்ப ஆண் எறும்பாப் போடட்டோ அண்ணை?"

"ஓம், அது நல்லம்."

"கலியாணம் முடிஞ்ச கையோட அது செத்துப்போகும்."

"புழுவே இருக்கட்டும்."

ஒத்திகைக்கு ராணியின் தாய் சிறகோடு வந்தார். வலை, கம்பி, சேலைக்கரை, கண்ணாடிக் கல். எறும்பு பறப்பதற்கா, தேர்த்திருவிழாவுக்கா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"ரீச்சர், உந்தச் சிறகு பிய்க்கிற இடத்தை வெட்டுங்கோ. ஒரு மாசமா இருந்து தைச்சனான்."

"அதுதானே அக்கா வாழ்க்கை வட்டம்."

"வட்டத்தைக் கொஞ்சம் சின்னனாக்குங்கோ."

சிறுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவள் மேடையேறவே சம்மதித்தவள். நானோ, வீரமாக, "சரி அக்கா" என்றேன். ராணி பறந்து வந்து, கையசைத்து, கல்லும் கரையுமாய் மண்ணுக்குள் போவதாகக் கதை மாறியது. விஞ்ஞானம் மன்னித்துவிடும். தாய்மாரை நம்ப முடியாது. சிறுமி அன்றைக்குப் பிறகு மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

விழா வழக்கம்போலப் பிந்தித் தொடங்கியது. சுவிஸ் நேரம் டிராமுக்குத்தான், எங்களுக்கில்லை. புழுக்கள் பாயில் உருண்டன. ஆண் எறும்பு இரண்டு முறை செத்தது, முதல்முறை கைதட்டல் போதவில்லையாம். பிறகு ராணி மேடையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மண்ணிறத் துணிக்குள் நுழைய வேண்டிய இடத்தில் நின்றாள். கைகள் முதுகுப்பக்கம் போயின.

சிறகு அசையவில்லை. தாயின் தையல் அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பர்ரென்று கிழிந்தது. மற்றதையும் பிய்த்துப் போட்டுவிட்டு, நான் வெட்டியெறிந்த வசனத்தைக் கடைசி வரிசைக்கும் கேட்கச் சொன்னாள்:

"இனி எனக்குப் பறக்கத் தேவையில்லை. கீழ வேலை கிடக்கு!"

துணிக்குள் புகுந்துவிட்டாள். நான் திரைக்குப் பின்னால் நின்று பின்கதவு எங்கே என்று தேடினேன்.

முன்வரிசையில் தாய் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜிம்னாசியப் புழுவின் அம்மா. "ஐயோ அக்கா, சிறகெல்லாம் பிஞ்சுபோச்சு!"

தாய் கீழே கிடந்த சிறகை ஒருமுறை பார்த்தார். போன் இறங்கவில்லை.

"பிஞ்சதோ? ராணி எறும்பு தானே கழட்டும், தெரியாதோ?" என்றார். "உங்கட மகன் புழுவெல்லோ. அவ்வளவு தூரம் படிச்சிருக்க மாட்டார்."