பதினேழாவது கேள்வி

மாநிலத் தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதங்கள், உலு திராமில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்சிகளின் மனத்தைப் படித்தேன். பகுதி நேர வேலை. இணையத்தில் முப்பது கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொன்னால், எந்தக் கட்சி உங்களுக்கு நெருக்கம் என்று காட்டும் தளம் அது. அதில் கட்சிகளின் பதிலை நிரப்புவது என் பொறுப்பு. தேர்தல் அறிக்கையைப் படித்து 'ஏற்கிறது', 'எதிர்க்கிறது', 'நடுநிலை' என்று குறித்து, ஆதார வரியை ஒட்ட வேண்டும். அறிக்கைகள் எல்லாம் வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு ரகம். ஆனால் அதைக் குறிக்கக் கட்டம் கிடையாது.

சிகாமட்டில் ஆற்றுக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கும் என் அக்காவுக்கு இந்த வேலையில் என்னைவிடப் பெருமை. வெள்ளத்தில் இரண்டு ஐஸ்பெட்டிகளைத் தொலைத்தவர் அவர். மூன்றாவதை இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் மேடை கட்டி அதன்மேல் ஏற்றியிருக்கிறார். மேல் தட்டில் எதையாவது எடுக்க வேண்டுமானால் முக்காலி போட்டு ஏற வேண்டும். முட்டிவலி வேறு.

"இந்தத் தடவ யாருக்குப் போடுறதுன்னே தெரியல. நீ செய்றத பாத்தே போட்டுடுறேன்," என்றார்.

ஆற்றுக்கரையை உயர்த்த வேண்டுமா என்பது பதினேழாவது கேள்வி. எல்லாக் கட்சிகளும் ஏற்றன. ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை, ஒரு கட்சி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கும் வேட்பாளரின் படத்தையே போட்டிருந்தது. கட்சிகளைப் பிரித்துக் காட்டாத கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. 'பயனற்ற கேள்வி, நீக்கலாம்' என்று எழுதி அனுப்பியது நான்தான். அதன் இடத்தில், வார விடுமுறை எந்த நாளில் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. அதில் கட்சிகள் நன்றாகச் சண்டை போட்டன.

தளம் திறந்த வாரம் சிகாமட் போனேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பரீட்சை எழுதுவதுபோல் யோசித்தார். விடுமுறை எந்த நாளாக இருந்தால் என்ன லா என்றார், நடுநிலையை அழுத்தினேன். முப்பதும் முடிந்தன. அக்கா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"தண்ணி கேள்வி எங்க?"

கரையை உயர்த்த எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டதால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம் என்று விதியை விளக்கினேன். தெளிவாகவே விளக்கினேன். அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் ஏறி, எனக்கு மைலோ கலக்க ஐஸ்பெட்டியிலிருந்து பாலை எடுத்தார். இறங்காமல் அங்கிருந்தே திரும்பிப் பார்த்தார்.

"எல்லாருமே ஒத்துக்கிட்டாங்களா? அப்ப நான் இந்தப் பெட்டிய கீழ எறக்கிடலாமா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அக்காவுக்குக் கிண்டல் வராது. என் பதிலுக்காக, கையில் பாலோடு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இப்போதைக்கு மேலயே இருக்கட்டும்க்கா," என்றேன்.