கிளம்பிட்டாரு அக்கா

அந்தக் கிளினிக்கில் அவளுக்கு 'கிளம்பிட்டாரு அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது டாக்டருக்கே சட்டென்று ஞாபகம் வராது. யாராவது கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் முகத்தை வைத்து, "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டால் போதும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கிளம்பிட்டாரு, வழியில இருக்காரு" என்பாள். அந்த நேரத்தில் அவர் வீட்டில் தோளில் துண்டோடு பல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பொய் சொல்லவே பிறந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உண்மையைத்தான் சொன்னாள். "டாக்டர் வர ரொம்ப நேரம் ஆகும்" என்று ஒருநாள் வாயைத் திறந்தாள், அவ்வளவுதான்! ஆளாளுக்கு எகிறினார்கள். ஒருவர் நாற்காலியை எட்டி உதைத்தார். பாதிப் பேர் எழுந்து போயே போய்விட்டார்கள். டாக்டர் வந்து காலி நாற்காலிகளைப் பார்த்ததும் அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொல்றதுக்கா உன்னை இங்க உக்கார வெச்சிருக்கேன்?" மறுநாள் 'கிளம்பிட்டாரு' என்று சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் சாதுவாக உட்கார்ந்தார்கள், ஒரு அம்மாள் நன்றிகூடச் சொன்னாள். உண்மை சொன்னால் உதை, பொய் சொன்னால் நன்றி என்றால் மனுஷி என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

வழக்கமாக வருகிறவர்களுக்கு இந்தப் பாஷை அத்துப்படி. 'கிளம்பிட்டாரு' என்று அவள் சொன்னதும் வெளியே போய் டீ குடித்துவிட்டு, கடைத்தெரு வேலையையும் முடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வம்பெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குத்தான்.

அன்று காலை அப்படிப் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் வாட்டசாட்டமான ஆள், கதவையே அடைத்துக்கொண்டு நுழைந்தார். மனைவி அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"இவருக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுதுங்கிறாரு" என்றாள் அந்த அம்மாள்.

"அவ கெடக்கிறா, வெறும் வாயுதான்மா" என்றார் கணவர். "ராத்திரி கண்டதையும் தின்னேன்."

"டாக்டர் வர நேரமாகுமா? நேரமாகும்னா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னு பாத்தேன்" என்றாள் மனைவி.

"கிளம்பிட்டாரு, வழியில இருக்காரு" என்றாள் இவள். பழகின வாய் தானாகவே சொல்லிவிட்டது. அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. "வந்துடுவாராம், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று கணவரை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் இவள் நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்க, அந்த மனிதரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகம் வெளுத்திருந்தது. வலது கையால் இடது தோளைத் தேய்த்தபடி இருந்தார். மனைவி திரும்பும்போதெல்லாம் அந்தக் கை மடிக்கு இறங்கிவிடும், உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்காரும். அந்தச் சிரிப்பை இவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இவள் சிரிக்கும் சிரிப்பு அது. ஐயையோ, நாமும் பொய் சொல்கிறோம், அவரும் பொய் சொல்கிறார், நடுவில் இந்த அம்மாள் இரண்டையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று பதறினாள்.

தடுப்பைத் தாண்டி ஓடிவந்தாள்.

"அம்மா, டாக்டர் இன்னும் கிளம்பல. நீங்க இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இப்பவே."

அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தாள். "இப்பத்தானே வழியில இருக்காருன்னே?"

"அது... சும்மா சொன்னேன்மா."

மூலையிலிருந்து பெரிய சிரிப்பு கிளம்பியது. முட்டிவலிக்காரர்தான். வாரம் தவறாமல் வருவார், வாயை மட்டும் எப்போதும் நல்ல ஆரோக்கியத்தில் வைத்திருப்பார். "அக்கா கிளம்பிட்டாருன்னா கிளம்பலன்னு அர்த்தம். இப்ப கிளம்பலங்கிறாங்கன்னா தெருமுனைக்கு வந்துட்டாருன்னு அர்த்தம்! தைரியமா உக்காருங்கம்மா!"

கூடம் மொத்தமும் சிரித்தது. அந்த வெளுத்த மனிதரும் சேர்ந்து சிரித்தார். "பாத்தியா? சும்மா பதறாதே. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அந்த அம்மாள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் தடவை பொய் சொன்னபோது பொறுத்துக்கொண்ட கூட்டம், ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் கைகொட்டிச் சிரிக்கிறதே!

வேறு வழி தெரியவில்லை. கைபேசியை எடுத்து டாக்டரை அழைத்தாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்மா. சிக்னல்ல நிக்கிறேன்."

"சொன்னேன்ல?" என்று முட்டிவலிக்காரர் தொடையைத் தட்டினார். அப்போது அதே போனிலிருந்து ஒரு குழந்தையின் குரல் கணீரென்று கேட்டது.

"தாத்தா, உங்க காயைப் பாம்பு கடிச்சிருச்சு, கீழ இறங்குங்க! ஏமாத்தக் கூடாது!"

முட்டிவலிக்காரரின் கை தொடை மேலேயே நின்றுவிட்டது. இவள் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"சார், இங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுது, தோளைத் தேச்சுக்கிட்டே இருக்காரு."

டாக்டரின் குரல் அடியோடு மாறியது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, உடனே! எனக்காக நிக்க வேணாம். நான் வீட்லதான் இருக்கேன்."

எல்லோருக்கும் முன்னால் எழுந்தவர் முட்டிவலிக்காரர். முட்டி வலித்ததாகவே தெரியவில்லை. "என் வேன் வாசல்லதான் நிக்குது, தூக்குங்க!" என்று கத்தினார். இவள் மற்றவர்களை வெளியே அனுப்பி, கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே ஏறிவிட்டாள். வேனில்தான் அந்த மனிதர் வாயைத் திறந்தார். "விடியக்காலையிலேர்ந்தே கை இழுக்குது. சொன்னா நீ பயந்துடுவேன்னு..."

"பாவி மனுஷா! வாயு வாயுன்னு சொன்னீங்களே!" என்று அந்த அம்மாள் அவர் தோளிலேயே அடித்தாள், பிறகு அதே தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவசரப் பிரிவின் கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. வெளியே பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் இவள் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"பொழச்சுக்குவாரா?"

இனி பொய்யே சொல்வதில்லை என்று வழியெல்லாம் சபதம் எடுத்துக்கொண்டு வந்தவள் இவள். "தெரியலம்மா" என்றாள்.

"தெரியலைன்னு சொல்லாதே. பொய்யாவது சொல்லேன்மா!"

இவள் அந்த முகத்தைப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்பு இல்லாமல், இவ்வளவு பக்கத்தில், யார் முகத்தையும் பார்த்து அவள் பதில் சொன்னதில்லை. "பொழச்சுக்குவாரு" என்றாள். தான் சொன்ன பொய் பலிக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்து நர்ஸ் வந்தாள். "உயிருக்கு ஆபத்தில்ல. இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா கஷ்டம்தான். மயக்க மருந்து தெளிஞ்சதும் பாக்கலாம்." அந்த அம்மாள் விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்தும் இவள் கையை விடவில்லை. "நான் உள்ள போயி பாக்குற வரைக்கும் இருப்பியா?"

"இருக்கேன்மா."

கைபேசி அடித்தது. டாக்டர்தான். "கிளினிக் வாசல்ல நிக்கிறேன், பூட்டியிருக்கு. சாவி உன்கிட்டதானே? எல்லாரும் என்னை வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. எங்க இருக்கே?"

இவள் அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள், மூடியிருந்த கதவைப் பார்த்தாள். பெஞ்சில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"கிளம்பிட்டேன் சார். வழியில இருக்கேன்."

அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு நோயாளியின் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள், ஸ்ட்ரெச்சர் ஒன்று கடகடவென்று உருண்டு போனது. அந்தச் சத்தமெல்லாம் போனில் டாக்டருக்கும் கேட்டது.

"சரிம்மா" என்றார். "மெதுவாவே வா."