ஒரு கைப்பிடி கல்லுப்பு

2005-ல் ஆரணியில் ஹேமநாத் தன் புடவைக் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் சுகன்யா. பில் போடாத நேரத்தில் சும்மா உட்கார அவளுக்கு வராது. போனில் கூப்பிடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதே பத்துப் பன்னிரண்டு கேள்விதான் என்று கண்டுகொண்டு, நோட்பேடில் கேள்வியும் பதிலுமாக அடித்து வைத்தாள். அவள் சாப்பிடப் போனால் கூட வேலை செய்யும் லாவண்யா போனை எடுத்து, திரையில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பாள். கடையே மெச்சியது. சுகன்யாவுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

தலை கனத்தவள் கை சும்மா இருக்குமா? ஒரு நாள் ஃபைலை ஒழுங்கு பண்ண உட்கார்ந்தாள். "புடவைக்கு முதல் தண்ணி எப்படி?" என்று, முதல் முறை அலசுவதைப் பற்றிய ஒரே கேள்வி இரண்டு இடத்தில் இருந்தது. பதிலைப் படிக்காமலே ஒன்றை அழித்தாள். ஆரணியில் புடவை என்றாலே பட்டு. பருத்தியைத்தான் நூல் புடவை என்று பிரித்துச் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பருத்தியைப் பற்றி அவர்கள் கேட்டதையும், கேட்டபடியே வெறும் புடவை என்று அடித்து வைத்திருந்தாள். அழிந்தது பட்டுக்கான பதில். மிஞ்சியது நூல் புடவைக்கானது: ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஊற வைத்து அலசவும்.

மறு மாதம் வெம்பாக்கத்திலிருந்து சின்னம்மாள் கூப்பிட்டாள். மகள் துர்காவின் கல்யாணத்துக்குத் தனக்கொன்றும் மகளுக்கொன்றுமாகப் பட்டு எடுத்துப் போனவள்.

"நீங்க போன்ல சொன்னாப்லயே உப்பு போட்டு என் புடவைய ஊற வெச்சேம்மா. ஜரிகையெல்லாம் கறுத்துப் போச்சு. எனக்குக் கை பெருசு, அள்ளினது ஜாஸ்தியாயிடுச்சு போல. துர்கா புடவைய நனைக்கறதுக்குள்ள சரியான அளவு கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன்."

சுகன்யா திரையைப் பார்த்தாள். லாவண்யா யோசிக்காமல் இதைத்தான் ஒப்பித்திருக்கிறாள். பட்டில் உப்பு படக் கூடாது என்பது ஆரணியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"துர்கா புடவைக்கு உப்பே வேணாங்க. வெறும் பச்சத்தண்ணி போதும்."

"அப்ப என் கைதான் தப்பு பண்ணிடுச்சு, இல்லம்மா?"

பக்கத்தில் ஹேமநாத் நின்றிருந்தார்.

"இருக்கலாங்க," என்றாள் சுகன்யா.

ஃபைலை அன்றைக்கே திருத்திவிட்டாள். அது ஒரு நிமிஷ வேலை. 'இருக்கலாங்க' என்றதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை, உப்பு ஜாடியைப் பார்த்தாலே குற்றம் செய்தவளாகக் கூசினாள். "இன்னாக்கா, பத்து நாளா உர்ருன்னுகிற?" என்று லாவண்யா கேட்டாள். தலைவலி என்று சொல்லி வைத்தாள். அதுவும் பொய்.

பதினோராம் நாள், ஹேமநாத் எதிரிலேயே, பில்லில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள்.

"உங்க கை மேல தப்பில்லீங்கம்மா. அந்தப் பதில மாத்தி வெச்சது நான். பட்டுக்கு உப்பே போடக் கூடாது. அன்னிக்கே தெரிஞ்சும் மறைச்சிட்டேன்."

ஹேமநாத் நிமிர்ந்து பார்த்தார். சுகன்யா அவர் பக்கம் திரும்பவில்லை. சின்னம்மாள் நன்றாகத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அடப் பாவிப் பொண்ணே," என்றாள் சின்னம்மாள், சத்தமே இல்லாமல். "அன்னியிலேர்ந்து கொழம்புக்குக்கூட ஸ்பூனாலதான் உப்பு போட்டுகினு இருக்கேன். என் கைய நானே நம்பறதில்ல."

பிறகு கேட்டாள்:

"அப்ப இனிமே கையாலயே போடலாமா?"

"போடலாங்கம்மா," என்றாள் சுகன்யா.