டோரின் நோவாக்கின் முப்பதாவது மைதானம்

டிக்கெட் கையில் இருந்தாலும் டோரின் நோவாக் நேராக வாசலுக்குள் நுழைவதில்லை. முதலில் மைதானத்தின் வெளிச்சுவரை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வலது கை சுவரை உரசியபடியே வரும். செங்கல் என்றால் செங்கல், கான்கிரீட் என்றால் கான்கிரீட். குப்பை லாரிகள் நிற்கும் பின்புறத்தையும் விட்டுவிடுவதில்லை. பாஸ்டனில் ஒரு காவலாளி, என்ன தேடுகிறீர்கள் என்று வழிமறித்துக் கேட்டான். "வீடு வாங்கறதுக்கு முன்னாடி நீ சுத்திப் பாக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு அவர் நடையைத் தொடர்ந்தார்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. குட்டையான, அகன்ற உடம்பு. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கிய குரல் அப்படியே நின்றுவிட்டது. உணவகத்தில் உப்பு கேட்டால் பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கும். கார்ச் சாவியை எவரிடமும் கொடுக்க மாட்டார். செல்போன் வழி சொன்னால் அணைத்துவிடுவார். "அது வந்து பாத்துச்சா இந்த ரோட்ட?" என்பார்.

எந்த ஊர் மைதானமானாலும் தலையில் டெட்ராய்ட் பேஸ்பால் அணியின் தொப்பிதான். ஹாட் டாக் ரொட்டியில் தக்காளிச் சாஸ் ஊற்றுகிறவர்களைக் கண்டால் பிடிக்காது. அதெல்லாம் பத்து வயதோடு விட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசி ஆட்டக்காரர் அவுட் ஆகும்வரை இருக்கையை விட்டு எழ மாட்டார். தோல்வி நிச்சயமாகி, கூட்டம் கார் நிறுத்தத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, இந்த அம்மாள் மேல்வரிசையில் தனியாக உட்கார்ந்து அம்பயருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்.

முற்றிலும் தனியாக என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஹார்லன் இருப்பார். ஹார்லன் அவருடைய முன்னாள் கணவர். வீடுகளுக்கு வெப்பமூட்டும் உலைகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். அவர்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. டோரின் சத்தம் போடுவார், ஹார்லன் வாரக்கணக்கில் வாய் திறக்க மாட்டார். வாயைத் திறந்தால் சாலையோரப் பலகைகளை உரக்க வாசிப்பார். மாட்டிறைச்சி விளம்பரம், தேவாலய அறிவிப்பு, அடுத்த ஊருக்கு எவ்வளவு தூரம், ஒன்று விடாமல். டோரின் அதையும் நீதிபதியிடம் ஒரு குறையாகச் சொல்லிப் பார்த்தார். விவாகரத்து முடிந்து நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது, "அப்ப கிளீவ்லண்டு டிக்கெட்ட என்ன பண்றது?" என்று ஹார்லன் கேட்டார். இருவரும் போனார்கள். அடுத்த கோடையில் பிட்ஸ்பர்க். அதற்கடுத்து சின்சினாட்டி. பெரிய லீக் மைதானங்கள் மொத்தம் முப்பது. எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று எப்போது முடிவெடுத்தார்கள் என்பது இருவருக்குமே நினைவில்லை.

தங்குமிடத்தில் தனித்தனி அறை. காரில் பழைய வீட்டுப் பேச்சு கிடையாது. ஹார்லன் பிறகு லூவான் என்ற சிகையலங்காரக்காரியை மணந்துகொண்டார். லூவானுக்கு பேஸ்பால் என்றால் கொட்டாவி வரும். ஆனாலும் பயணத்தன்று காலையில் இரண்டு பேருக்கும் சாண்ட்விச் கட்டி, டோரினுடைய டப்பாவில் ஊறுகாய் வைக்காமல் பெயர் எழுதிக் கொடுத்துவிடுவாள். கணவனை அவருடைய முன்னாள் மனைவியோடு அனுப்புகிறாயே என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டால், அந்த இரண்டு வாரம் தனக்கு லீவு என்று பதில் சொல்லுவாள்.

இந்தக் கோடையில் மேற்குக் கரை மட்டும்தான் மிச்சம் இருந்தது. சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ என்று கரையோரமாகவே மேலேறி, சியாட்டிலில் முடிக்க வேண்டும். சியாட்டில்தான் முப்பதாவது.

வாசல் திறக்குமுன்பே போய் நிற்கிற டோரின், ஆரிகனைத் தாண்டியதும் காரை மெதுவாக உருட்டத் தொடங்கினார். பின்னால் வந்த லாரிகள் ஒலி எழுப்பிவிட்டு முந்திப் போயின. வழியில் செர்ரிப் பழம் விற்கும் கொட்டகையைக் கண்டு நிறுத்தினார். ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினார். டகோமாவில் எதற்கு நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஹார்லன் ஒன்றும் கேட்காமல் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

அந்த மௌனத்தைத்தான் டோரின் சான் டியேகோவிலிருந்தே கவனித்துக்கொண்டு வந்தார். இந்தப் பயணத்தில் ஹார்லன் ஒரு பலகையைக்கூட வாசிக்கவில்லை. சான் டியேகோ மைதானத்தில், கட்டடம் உயரத்துக்கு ஸ்கோர் பலகை எதிரே எரிந்துகொண்டிருக்க, ஸ்கோர் என்ன என்று கேட்டார். டோரின் சொன்னார். அதற்குமேல் எதையும் கிளறவில்லை. கலிபோர்னியா எல்லை கடந்த பிறகு டோரினே பலகைகளை வாசிக்க ஆரம்பித்தார். செர்ரி, டயர், பல் மருத்துவர், ஆரிகன் சேலம் இன்னும் நாற்பது மைல்.

"உனக்கு எப்பலேருந்து இந்த வியாதி?" என்றார் ஹார்லன்.

"பொழுது போகல."

ஞாயிறு மதிய ஆட்டம். சியாட்டில் மைதானத்தின் கூரையைத் திறந்து வைத்திருந்தார்கள்; வெயில் இதமாக இருந்தது. பின்னால் தண்டவாளத்தில் சரக்கு ரயில்கள் ஊதிக்கொண்டே போயின. டோரின் சுவரைச் சுற்றி வந்தார். எப்போதும் வாசலிலேயே காத்திருக்கும் ஹார்லன் அன்று கூடவே நடந்தார். மேல்வரிசையில் இடம் பிடித்து, பூண்டு போட்டு வறுத்த உருளைக்கிழங்கை நடுவில் வைத்துக்கொண்டார்கள். எதிரணி டெக்சாஸ்.

நான்காவது இன்னிங்ஸில் உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் பந்தை வானத்துக்குத் தூக்கி அடித்தார். மட்டையில் பட்ட சத்தம் கெட்டியாகக் கேட்டது. கூட்டம் ஒரு கணம் எழும்பிப் பார்த்தது. ஹார்லன் இரு கைகளையும் உயர்த்தி எழுந்து நின்று, வேலியைத் தாண்டிப் போய்விட்டது, ஹோம் ரன் என்று கத்தினார். பந்து நேராகக் கீழே இறங்கி, மட்டைக்காரருக்கு எட்டிய தூரத்திலேயே ஒருவர் கையுறைக்குள் விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஹார்லன் மட்டும் கையைத் தூக்கியபடி நின்றார்.

முன்வரிசையில் முகத்தில் சாயம் பூசியிருந்த ஒரு இளைஞன் திரும்பினான். "தாத்தா, நீங்க எந்த மேட்ச் பாக்கறீங்க?" என்றான். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"முன்னாடி பாத்து உக்காரு. ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது," என்றார் டோரின். பேருந்துக் குரல். அவன் மட்டுமல்ல, அந்த வரிசையே திரும்பிக்கொண்டது.

ஹார்லன் உட்கார்ந்து கால்சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டக்காரர் வந்தார். டோரின் குனிந்து, அவர் காதருகே பேசத் தொடங்கினார். அப்படி ஒரு தாழ்ந்த குரல் அவரிடம் இருப்பது டொலிடோவில் யாருக்கும் தெரியாது.

"இடது கைக்காரன். ஒல்லி. மட்டையத் தோள்லயே சாய்ச்சு வச்சிருக்கான். இதோ எறிஞ்சாச்சு. தாழ்வா போச்சு, தொடல. திரும்ப எறியறான். அடிச்சான், வலது பக்கம், தரையோட உருண்டு போகுது. ஓடறான். மொத பேஸுக்குப் போயிட்டான்."

ஹார்லன் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இன்னிங்ஸ் முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"சான் டியேகோல."

"லூவானுக்கே சொல்லல நான்."

"டப்பா மேல இந்தத் தடவ பேர எவ்ளோ பெருசா எழுதியிருக்கா, பாத்தியா? ஓ, பாத்திருக்க மாட்டே. அவளுக்கும் தெரியும்யா."

பிறகு ஹார்லன் விவரம் சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டதாம். எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு கறை. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. இனிச் சரியாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முப்பதையும் முடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நடுவுல சொன்னா வண்டியத் திருப்பிடுவேன்னு நெனச்சேன்."

"திருப்பியிருப்பேன்," என்றார் டோரின்.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில், எல்லா மைதானங்களிலும் உள்ள வழக்கப்படி, கூட்டம் எழுந்து பாடியது. இருவரும் எழுந்து பாடினார்கள், ஹார்லன் எப்போதும்போல் சுருதி விலகி. அதன் பிறகும் டோரின் நிறுத்தவில்லை. எறிபவர் தொப்பியைக் கழற்றி வியர்வை துடைத்ததைச் சொன்னார், மூன்றாவது பேஸருகே ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்ததைச் சொன்னார். அம்பயரின் தவறுகளைச் சொல்லும்போது மட்டும் குரல் பழையபடி ஏறியது. சியாட்டில் தோற்றது. கடைசி அவுட், எளிய பிடி.

கூட்டம் படிகளில் இறங்கிப் போயிற்று. தரை முழுக்க வேர்க்கடலைத் தோல். ஹார்லன் முழங்காலில் கையூன்றி, ஆனால் எழாமல், "முடிஞ்சுது டோரி, முப்பதும்," என்றார்.

டோரின் கீழே வரிசையாக நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்த டெக்சாஸ்காரர்களைப் பார்த்தார். "முடியல. டெக்சாஸ் பாக்கி."

"டெக்சாஸ் போனோமே. வெயில்ல மயக்கம் போட்டு விழப் பாத்தியே."

"அது பழைய மைதானம். இப்ப பக்கத்துலயே கூரையோட புதுசு கட்டி மாறிட்டாங்க."

ஹார்லன் அவர் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். "அட்லாண்டா மாத்தினப்போ, பாத்தது பாத்ததுதான், திரும்பப் போகத் தேவையில்லன்னு சண்ட போட்டது யாரு?"

"நான்தான். தப்பா சொல்லிட்டேன். அட்லாண்டாவும் பாக்கி."

தான் சொன்னது தப்பு என்று டோரின் சொல்லி, கல்யாணமான காலத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஹார்லன் கேட்டதில்லை. மைதானத்துப் பணியாளர்கள் குழாயை இழுத்துக்கொண்டு வந்து செம்மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார்கள்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, டோரி. வந்து என்ன பண்ணப் போறேன்?"

"தொண்டத் தண்ணி வத்த நான் சொல்லலயா? காது நல்லாத்தானே இருக்கு?"

"அது ஒண்ணுதான் மிச்சம். உன் சத்தத்துக்கு அதுவும் எத்தன நாள் தாங்குமோ."

ஹார்லனின் மூக்குக் கண்ணாடியில் உருளைக்கிழங்கு எண்ணெய் விரல் விரலாகப் படிந்திருந்தது. டோரின் கேட்காமலே அதைக் கழற்றி எடுத்தார். இரண்டு வில்லைகள் மீதும் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு ஓரம் போகவில்லை. மறுபடியும் ஊதி, அழுத்தித் துடைத்து, திருப்தியானதும் அவருடைய மூக்கின் மேல் மாட்டி, காதோரம் சரிசெய்துவிட்டார்.