மெயினை அணைச்சியா?

நெதியால்கோ ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் அவர் மனைவியின் அக்கா கின்கா பேசுவதைக் கேட்டால், பெண்டாட்டியை உயிரோடு இருந்தபோதும் கவனிக்காதவர், செத்த பிறகும் கவனிக்காதவர் என்றுதான் தோன்றும். கவனித்தார், பாவம். கவனித்த விதம்தான் யார் கண்ணிலும் படவில்லை.

ரூசே நகரத்தில் டிராலி பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். மேலே மின்கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் கொம்பு நழுவி பஸ் நடுத்தெருவில் நின்றுபோனால், பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தாலும் இவர் பாட்டுக்கு இறங்கி, கையுறையை மாட்டி, கயிற்றை இழுத்துக் கொம்பைக் கம்பியில் பொருத்திவிட்டு ஏறுவார். வாயிலிருந்து ஒரு சொல் வராது. அவர் பேசவேண்டியதையும் சேர்த்து வீட்டில் மனைவி வாசில்கா பேசிவிடுவாள்.

வாசில்கா சட்டைத் தொழிற்சாலையில் இஸ்திரி போட்டவள். ஒருநாள் யாரோ இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் போய்க் கிடங்கே எரிந்து சாம்பலானது. அன்றைக்குப் பிடித்த பயம் அவளைக் கடைசிவரை விடவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் மெயின் சுவிட்சை அணைத்தாக வேண்டும். ஃப்ரிட்ஜில் ஐஸ் உருகித் தரையெல்லாம் ஓடுமே என்றால், ஓடட்டும், துடைச்சுக்கலாம், எரிஞ்சதைத் துடைக்க முடியுமா என்பாள். எட்டாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, கட்டடத்தின் வாசற்கதவைத் தாண்டும்போது கேட்பாள்:

"நெதியால்கோ, மெயினை அணைச்சியா?"

"அணைச்சேன்."

"நெசமா அணைச்சியா? இல்ல, அணைச்ச மாதிரி இருக்கா?"

இந்தக் கேள்விக்கு எந்த மனிதனால் பதில் சொல்ல முடியும்? மறுபடி மேலே போவார். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி இறங்குவார். பஸ் போயிருக்கும்.

அந்த வாசற்கதவில்தான் எங்கள் பக்கத்து வழக்கப்படி அஞ்சலித் தாள்கள் ஒட்டியிருக்கும். செத்த அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, அப்புறம் வருடா வருடம். மேலே படம், கீழே பெயர், இரண்டு வரி. வாசில்கா காய்கறிப் பையோடு நின்று ஒவ்வொரு படமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். "ஐயோ, இவளைப் போலீஸ் தேடுற மாதிரியில்ல போட்டிருக்காங்க! நெதியால்கோ, கேட்டுக்க. எனக்கு அடையாள அட்டைப் படத்தைப் போட்டே, எந்திரிச்சு வந்து அடிப்பேன். பால்சிக்ல எடுத்தியே, அந்த நீலத் தலைத்துணிப் படம், அதைப் போடு."

பால்சிக் கடற்கரையில் அந்தப் படத்தை எடுத்தவர் நெதியால்கோதான். ஒரு கையில் மகள் ராலித்ஸாவின் கேமரா போன், இன்னொரு கையில் பொரித்த மீன் பொட்டலம். ஒரு கடற்காகம் பாய்ந்து வந்து பொட்டலத்தைக் கொத்திக்கொண்டு போனது. அவர் பதறியதில் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது. வாசில்கா அவரைப் பார்த்து வாய் முழுக்கத் திறந்து, கடைவாயில் பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான்.

டிசம்பரில் வாசில்கா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் திருப்பிக்கொடுத்த அடையாள அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. இறுதிச்சடங்குக் கடைக்காரர் "படம்?" என்று கை நீட்டினார். நெதியால்கோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். நாற்பதாம் நாளுக்கும் கடைக்காரர் அதே படத்தையே போட்டுத் தாளை நீட்டினார். இவரும் வாயைத் திறக்காமல் வாங்கி வந்து ஒட்டினார். கதவிலிருந்து வாசில்கா புருவத்தைச் சுருக்கி, உதட்டை இறுக்கி, போகிறவர் வருகிறவரையெல்லாம் முறைத்தாள்.

"என் தங்கச்சி கேட்டது ஒண்ணே ஒண்ணு," என்றாள் கின்கா, அத்தனை பேர் நடுவில். "தங்கமா கேட்டா, வைரமா கேட்டா? ஒரு படம். அதுகூட உன்னால முடியல."

"அரை வருஷத்துக்குப் போடறேன் அக்கா."

"போட்டுக் கிழிச்ச."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற நினைத்தார் மனிதர். ஜூன் வந்தது. செர்ரிப் பழக் காலத்து ஆத்மாக்கள் சனிக்கிழமை, செத்தவர்களுக்குப் படைக்கக் கல்லறைக்குப் போகும் நாள். அடுத்த வாரம் அரை வருட நினைவு. காலையில் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி, வால்நட் இலைகளைக் கட்டி, செர்ரியைக் கழுவிப் பையில் போட்டார். கிளம்புமுன் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று கணினி முன்னால் உட்கார்ந்தார். அது வீட்டின் பழைய பெட்டி, படம் அதில்தான் இருந்தது. வாசில்கா மகளோடு பேசிப் பேசித் தேய்த்தது. அவள் போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஆன் செய்ததுமே அப்டேட் செய்யட்டுமா, செய்யட்டுமா என்று நச்சரித்தது. செய்து தொலை என்று அமுக்கினார். திரை நீலமானது. 'புதுப்பிக்கப்படுகிறது. கணினியை அணைக்காதீர்கள்' என்று வந்தது. படித்தார். நன்றாகத்தான் படித்தார். நாம் வருவதற்குள் முடிந்திருக்கும் என்று, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

லிஃப்டில் இறங்கினார். வாசற்கதவைத் தள்ளினார். அங்கேயே நின்றுவிட்டார்.

மெயினை அணைச்சியா?

அணைக்கவில்லை! ஆத்மாக்கள் நாளில், அவளைப் பார்க்கப் போகிற நேரத்தில், அவள் சொன்ன ஒரே விதியை மறந்துவிட்டாரே! முழங்கால் வலியோடு மறுபடி மேலே போனார். கதவைத் திறந்து, உள்ளேகூடப் போகாமல், கையை மட்டும் நீட்டிச் சுவிட்சை டக்கென்று கீழே தள்ளினார். கணினியை அவர் அணைக்கவில்லை. வீட்டைத்தான் அணைத்தார்.

கல்லறையில் மனம் நிறைந்து இருந்தார். வால்நட் இலைகளைப் பரப்பி, செர்ரியைப் பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்குக் கொடுத்து, "அடுத்த வாரம் பாரு, உன் படம் வரும்" என்று அவளிடம் சொல்லிவிட்டும் வந்தார்.

வந்து மெயினைப் போட்டுப் பெட்டியை ஆன் செய்தார். கறுப்புத் திரை. பழுது பார்க்கிறேன் என்றது. பிறகு முடியவில்லை என்றது. அப்போதும் அவருக்குப் பயம் வரவில்லை. பனிக்காலத்தில் கிளம்பாத வண்டியை எப்படிக் கிளப்புவது என்று தெரிந்தவர்தானே. அணைத்தார், போட்டார். அணைத்தார், போட்டார். ஞாயிறு முழுக்க இதே வேலை. பெட்டிக்குள்ளிருந்து கொர் கொர் என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பழைய டி.வி.க்குக் கொடுப்பதுபோல விலாவில் இரண்டு தட்டும் தட்டினார். சத்தம் கூடியது.

ஸ்பெயினில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார்.

"ராலித்ஸா, அம்மாவோட பால்சிக் படம் உங்கிட்ட இருக்கா?"

"பழைய போன்லதான்பா இருந்துச்சு. அது பஸ்ல திருட்டுப்போச்சே. வேற எடத்துல ஒரு காப்பி போட்டு வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

போனை வைத்தபிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

கணினி பழுது பார்க்கும் க்ராசெனின் கடை எங்கள் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. ஜன்னல் நடைபாதை மட்டத்தில். வாடிக்கையாளர் தெருவில் குந்தி உட்கார்ந்துதான் பேச வேண்டும். ராஜாவே வந்தாலும் குந்தித்தான் ஆக வேண்டும். நெதியால்கோ பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே குந்தினார்.

"வாங்க மாமா, மூட்டு எப்படி?"

"மூட்டை விடு தம்பி. இதைப் பாரு. அப்டேட்டுக்குப் பின்னாடி எந்திரிக்கவே மாட்டேங்குது."

"நடுவுல கரண்ட் போச்சா?"

"போகல. நான் மெயினை அணைச்சேன்."

க்ராசென் பெட்டியை ஜன்னல் வழியாக உள்ளே வாங்கினான். ஒயரை மாட்டி, பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். உடனே ஒயரைப் பிடுங்கினான்.

"எத்தனை தடவை போட்டுப் பாத்தீங்க?"

"கொஞ்சம்... தடவை."

"அடிச்சீங்களா?"

"தட்டினேன்."

"தட்டினீங்க." க்ராசென் பெட்டியின் விலாவிலிருந்த நசுங்கலைத் தடவிப்பார்த்தான். "மெஷினை எழுப்பிடலாம் மாமா. வேற டிஸ்க் போட்டா ஓடும். உள்ள இருக்கிற டிஸ்க்தான் சரியில்ல. அதுலேர்ந்து என்ன எடுக்க முடியும்னு பாக்கறேன்."

"எனக்கு மெஷின் வேண்டாம்டா. ஒரு படம் போதும். கடல் பக்கத்துல, நீலத் தலைத்துணி."

"வாசில்கா அத்தையோடதா?"

நெதியால்கோ சுவரைப் பிடித்து எழப் பார்த்தார். எழுந்திருக்க முடியாமல் சற்று நேரம் அப்படியே குந்தியிருந்தார்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தட்டில் காய்ந்து கிடந்தன. ஒவ்வொரு நாளும் ஜன்னலருகே போய்க் குந்துவார். க்ராசென் தலையைத் தூக்காமல், "ஓடிக்கிட்டிருக்கு மாமா, அவசரப்படுத்தினா டிஸ்க் மொத்தமாப் போயிடும்" என்பான். அவசரப்படுத்தாமல் திரும்புவார். அந்த ஒரு வித்தையாவது அவருக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது ஏன் மறந்துபோனதோ!

கடைசியில் க்ராசெனே கூப்பிட்டான். அன்று ஜன்னல் வழியாகப் பேசவில்லை. படியிறக்கி உள்ளே அழைத்து, நாற்காலி போட்டான். நாற்காலியைப் பார்த்ததுமே நெதியால்கோவுக்குப் புரிந்துவிட்டது.

திரையில் வானம். அதன் கீழே கடல். நீலத் தலைத்துணி காற்றில் புடைத்திருந்தது. நெற்றி. சுருங்கிய கண்கள். மூக்கில் பாதி. அதற்குக் கீழே சாம்பல். வெறும் சாம்பல் நிறம், கோடு போட்டு அறுத்ததுபோல.

"இதுக்குக் கீழ எங்கடா?"

"இல்ல மாமா. அந்த எடத்துல டிஸ்க் கீறிப்போச்சு. தெரிஞ்சவங்ககிட்டயும் காட்டிக் கேட்டேன். வராதுன்னுட்டாங்க."

"மெயினை அணைச்சதாலயா?"

க்ராசென் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவனுக்கு அது வரவில்லை.

"அணைச்சதால எந்திரிக்கல, அவ்வளவுதான். அது சரிபண்ணக்கூடியது. டிஸ்க்குக்கும் வயசாச்சு. ஆனா திரும்பத் திரும்பப் போட்டீங்க பாருங்க, அது..."

மேஜையிலிருந்த பழைய டிஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினான்.

பெட்டியோ, அந்தப் பாவிப் பெட்டி, புது டிஸ்க்கோடு ஜம்மென்று எழுந்துகொண்டது. உள்ளே ஒன்றுமில்லை. வணக்கம் சொல்லி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

பாதிப் படத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு கின்காவின் வீட்டுக்குப் போனார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனார். கின்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, படத்தை வாங்கி, சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். திட்டவே இல்லை.

"கண்ணு சிரிக்குது பாரு," என்றாள் மெதுவாக. பிறகு சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள். அழுக்கைத் துடைத்தால் உள்ளே இருப்பது தெரியும் என்பதுபோல. "வாய் எங்கடா? எவ்வளவு பேசுவா! வாய் எங்கடா?"

நெதியால்கோ கதவருகில் நின்றே அழுதார். டிசம்பரில் அழாதவர் அப்போது அழுதார்.

"அதைக் கதவுல ஒட்ட முடியாது," என்றாள் கின்கா, மூக்கைச் சிந்திவிட்டு. "பாதி மூஞ்சியை ஒட்டினா ஊர் என்ன சொல்லும்? பழசையே போடு."

அரை வருட நினைவன்று காலையில் பசை டப்பாவும் தாளுமாக அவர் இறங்கினார். பழைய தாளைச் சுரண்டி எடுத்தார். புதியதை ஒட்டி, ஓரங்களை உள்ளங்கையால் அழுத்தினார். அதே அடையாள அட்டைப் படம். அதே சுருங்கிய புருவம், அதே இறுகிய உதடு. வாய் மட்டும் முழுசாக இருந்தது. கல்லறைக்குப் போகிற பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. காலை எடுத்து வைக்கப்போனவர் அவளைப் பார்த்தார். இந்த முகத்தை அவருக்குத் தெரியும். இதே கதவருகில், கையில் பையோடு, எத்தனை வருடம் இதே முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"அணைச்சேன்டி," என்றார் சத்தமாக.

தபால்பெட்டி பக்கம் நின்ற யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு, அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றார். பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று.

"நெசமாவான்னு கேளேன்," என்றார். "ஒரு தடவை கேளேன்."

பிறகு லிஃப்டை நோக்கித் திரும்பி நடந்தார். மேலே போய்ப் பார்த்தார். அணைத்துத்தான் இருந்தது.