பிளேடின் சூடு

என் அக்கா புருஷனை எங்கள் மாட்டுப் பண்ணையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘மாட்டு சலூன்’ என்றால்தான் தெரியும். மாட்டு மயிர் வெட்டும் மிஷினும் கையுமாக அவர் உள்ளே நுழைந்தால் சாணி அள்ளுகிறவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, “எனக்கும் ஒரு கட்டிங் போட்டு விடுங்க” என்பார். “உன் தலையில பேன் ஏறினாக்கூட வழுக்கி விழுந்துடும், உனக்கு எதுக்குய்யா?” என்பார் அத்தான். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, இதே சிரிப்பு. எனக்குத்தான் காது புளித்துவிட்டது.

வேலை என்னவோ சிரிப்பான வேலை இல்லை. குளிர் காலத்தில் மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டிப்போடுவோம். மயிர் புசுபுசுவென்று வளர்ந்து, வியர்வை உள்ளேயே தங்கி, உடம்பு ஈரமாகவே கிடக்கும். இருமும். பேன் பிடித்துத் தூணில் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும். மடியில் மயிர் நீண்டால் சாணி அப்பிக்கொள்ளும். கறவைக்காரி நான், அதைக் கழுவிக் கறப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அத்தான் முதுகு, விலா, வால், மடி என்று மழித்துவிட்டுப் போன பிறகு மாடுகள் படுத்து அசைபோடுவதைப் பார்த்தால் நமக்கே தூக்கம் வரும்.

மிஷின் ஓட ஓட பிளேடு சூடேறும். கவனிக்காமல் மடியில் வைத்தால் தோல் வெந்துவிடும். மற்றவர்கள் கடிகாரம் பார்த்து நிறுத்துவார்கள். அத்தான் பிளேடைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார். “எனக்குச் சுட்டா அதுக்கும் சுடும்.” அவ்வளவுதான் அவர் சாஸ்திரம்.

அந்த மிஷினின் அதிர்வே அவர் கைகளைத் தின்றுவிட்டது. முதலில் விரல்கள் மரத்தன, பிறகு மணிக்கட்டு. ஒருநாள் அடுப்பில் கொதித்த பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, அக்கா ஏன் கத்துகிறாள் என்று திரும்பிப் பார்த்தாராம். நரம்பு கெட்டுவிட்டது, இனி மிஷினைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். தொடாமல் என்ன செய்வது? இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

அதன் பிறகு அக்காவும் கூட வர ஆரம்பித்தாள். மாட்டைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவர் பேசாமல் பிளேடை நீட்டுவார், அவள் கையைக் கொடுப்பாள். அவள் மணிக்கட்டில் சிவப்புத் தழும்புகளைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று என் வாயை அடைத்தாள்.

போன மாதம் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். பண்ணையைச் சோதிக்க பால் கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. “இன்னைக்கே முடிச்சுக் குடுங்க. முடியலன்னா சொல்லுங்க, வேற ஆளைக் கூப்பிடுறேன்” என்றார் மேனேஜர்.

“நான் வந்து நிக்கவா அத்தான்?” என்றேன்.

“கறவையை விட்டுட்டு நீ வந்து நின்னா, எதுக்குன்னு கேக்க மாட்டாரா? உன் வேலையைப் பாரும்மா.”

பிடிக்க ஆள் இல்லாததால் அவர் முதலில் ‘சாது’வைப் பிடித்தார். நாங்கள் அந்தப் பசுவுக்கு வைத்த பெயர் அது. என்ன செய்தாலும் கால் தூக்காது. முரட்டு மாடாக இருந்திருந்தால் சுடுகிறதென்று ஒரு உதையிலேயே சொல்லியிருக்கும். அத்தான் தன் கன்னத்தில் வைத்தாவது சூடு பார்த்திருக்கலாம். மேனேஜர் எதிரிலேயே நின்றாரே! இத்தனை வருஷப் பழக்கம் மாறினால் சந்தேகம் வருமென்று, செத்த மணிக்கட்டிலேயே வைத்து வைத்துப் பார்த்து, சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார். பிறகு இது தெரிந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் காட்டுவது?

சாயங்காலம் பால் கறக்கும் குழாயை மாட்டினேன். சாது என்னை உதைத்தது. குனிந்து பார்த்தால் மடியெங்கும் பிளேடு அகலத்துக்குச் சிவந்த வரிகள். சில இடங்களில் கொப்புளம்.

மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டார். “சூடு பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“நானும்தான் பாத்தேன், நீங்க பாத்ததை.” சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினார். கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. “இனிமே வர வேண்டாம்” என்று மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தாலாவது நான் திருப்பிக் கத்தியிருப்பேன்.

சாதுவுக்கு மடிநோய் பிடித்துக்கொண்டது. மருந்துக்கும் கேட்கவில்லை. மடி கெட்டுப் பால் வற்றிய மாட்டுக்கு எந்தப் பண்ணையும் தீவனம் போடாது. அடிமாட்டு லாரியை வரச் சொல்லிவிட்டார்கள்.

லாரி வர இருந்த அன்று காலை அத்தான் வந்தார். யாரும் தடுக்கவில்லை, யாரும் கட்டிங் கேட்கவும் இல்லை. அவரைக் கண்டதும் சாது வழக்கம்போல் அசையாமல் நின்று கொடுத்தது. அவர் குத்த வைத்து உட்கார்ந்து, வீங்கிக் கிடந்த மடியில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“காய்ச்சல் இருக்காம்மா?”

நானும் கை வைத்துப் பார்த்தேன். கொதித்தது.

“இருக்கு அத்தான்” என்றேன்.