கேமராவில் விழுந்தது என் கை

அந்தப் போலீஸ்காரரின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா மாட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால், இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை பாக்டரியில் துணி காணாமல் போய் என் மேல் பழி விழுந்தபோது, சுவரில் இருந்த கேமராதான் என்னைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து சாமிக்கு அடுத்தபடி எனக்குக் கேமராதான். மனிதன் புளுகுவான், அது புளுகாது என்று நம்பினேன்.

அன்று காலை அவர் என்னைப் பைக்கில் கொண்டுவிடும்போது, சிக்னல் தாண்டியதும் நிறுத்தினார்கள். சிக்னலை மீறினோமாம். பச்சை விழுந்த பிறகுதான் வந்தோம் என்று இவர் கன்னடத்தில் சொன்னார். போலீஸ்காரரும் முதலில் மரியாதையாகவே பேசினார். கேமரா வாங்கித் தந்த மரியாதை. அதுவரைக்கும் அதற்குப் புண்ணியம். பிறகு வண்டிச் சாவியைப் பிடுங்கினார். ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று இவர் சாவிக்குக் கை நீட்ட, இரண்டு பேர் குரலும் ஏறியது.

பக்கத்தில் இருந்த இளநீர்க்காரர் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார். நான்தான் தடுத்தேன்.

"வேணாண்ணா, சார் கோச்சுக்குவாரு. அவர்கிட்டயே கேமரா இருக்குது. எல்லாம் அதுல பதியும்."

அவரும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் இருவருக்கும் நடுவில் புகுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். "பிள்ளைங்கள ஏத்தணும் சார், விட்டுடுங்க சார்." காக்கிச்சட்டையைக் கண்டால் எங்களுக்குக் கை தானாகவே கூடிவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கும்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே என் தலைக்கு மேலாகப் போலீஸ்காரர் கை போய் இவர் இடது காதில் விழுந்தது. இரண்டாவது அறை விழாமல் இருக்க இவர் அந்தக் கையைப் பிடித்தார். அவ்வளவுதான். பணியில் இருந்த போலீஸைத் தாக்கினார் என்று கேஸ்.

கேஸ் தலையில் இருக்கிறவரை ஸ்கூல் வேனைத் தொட முடியாது. வீடியோ வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தோம். வக்கீல் மனு மேல் மனு போட்டு, மாசக்கணக்கில் அலைந்து, ஒருவழியாக அதுவும் வந்தது.

வக்கீல் ஆபீஸில் போட்டுக் காட்டினார்கள். பச்சை விழுந்து மற்ற வண்டிகளோடு நாங்களும் வருவது தெளிவாகத் தெரிந்தது. இவர் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினார். அப்புறம் சாவி. அப்புறம் திரை முழுக்க என் இரண்டு கைகள். கண்ணாடி வளையல், நூல் வெட்டும்போது கத்தரி பட்ட விரலில் பிளாஸ்டர், எல்லாம் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. பளார் என்று சத்தம் கேட்டது. என் கை விலகியபோது, இவர் போலீஸ்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் இருக்குது. யார் யாரை அடிச்சாங்கன்னு இல்லையேம்மா" என்றார் வக்கீல். "அவங்க சொல்றதுக்குத்தான் இது ஒத்துப்போகுது. தப்ப ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும். இல்லன்னா இழுத்துக்கிட்டேதான் போவும்."

"ஒத்துக்கிட்டா வேன் ஓட்ட முடியுமா சார்?"

வக்கீல் சொன்ன பதில் இவருக்குக் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பி மறுபடியும் கேட்டார். முடியாது என்று வக்கீல் தலையாட்டினார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த வாய்தாவுக்கு நீங்களும் வாங்கம்மா. ஜட்ஜ் முன்னால கும்பிட்டு நில்லுங்க. மனசு இரங்குனாலும் இரங்குவாரு."

இவர் என் கையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திங்கட்கிழமை வாய்தா. போய்க் கும்பிடத்தான் போகிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு?